கையேட்டில் இல்லாத ஊர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைப் பற்றி அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியிடும் கையேட்டில் முதல் நான்கு பக்கங்கள் நொயெமி ஃபால்கூ எழுதுபவை. மாநிலத்தின் எல்லைகள், ஆறுகள், பரப்பளவு, மக்கள்தொகை, கரும்பும் நெல்லும் விளையும் மாவட்டங்கள், இறாலும் எண்ணெயும் கொடுக்கும் கடல், மாநிலக் கொடியில் இருக்கும் கூழைக்கடா என்று எல்லாவற்றையும் அந்த நான்கு பக்கத்துக்குள் அடக்கிவிடுவாள். பத்தொன்பது வருடங்களாக அதே வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்கு உருப்போடுவது தன் வரிகளைத்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒவ்வொரு பதிப்பிலும் பரப்பளவு மட்டும் குறைந்துகொண்டே வரும். தெற்கே கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் அந்த எண்ணைத் திருத்தும்போது அவளுக்குக் கை தயங்கும். பிறகு பழகிவிட்டது. மக்கள்தொகை கூடுகிறது, நிலம் குறைகிறது, அவ்வளவுதான் என்று திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

கையேட்டின் கடைசியில் ஊர்ப் பெயர்களின் பட்டியல் இருக்கும். அந்த வருடம் இலையுதிர் காலத்தில் நில அளவைக்காரர்கள் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். பத்து வீட்டுக்குக் குறைவாகப் போய்விட்ட ஊர்கள், கடல் ஓதம் ஏறினால் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும் ஊர்கள் என்று இருபத்தேழு பெயர்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது அவர்களுடைய யோசனை. கடைசிப் பெயர் கோர்மியே முனை. நொயெமி பிறந்த ஊர்.

தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தவர் அவளுடைய மேலதிகாரி டர்வுட் ரபலே. நல்ல மனிதர். எதிலும் அழுத்திப் பேசமாட்டார்.

"இது உங்க ஊர்தானே நொயெமி?"

"ஆமா சார்."

"அண்ணன் இன்னும் அங்கதான இருக்காரு?"

"அவரும் இன்னும் அஞ்சு குடும்பமும்."

"அப்ப உங்க இஷ்டம். இருபத்தாறா எடுத்தாலும் யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல. வெச்சுக்கணும்னா வெச்சுக்குங்க. மாசக் கடைசிக்குள்ள சொன்னாப் போதும்."

அவள் தாளை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஊர்மேல் அவளுக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. கொசுவும் சேறும் அழுகிய இறால் ஓட்டின் நாற்றமும் பிடிக்காமல் பதினெட்டு வயதில் அங்கிருந்து ஓடி வந்தவள் அவள். மாநிலத் தலைநகரமான பேட்டன் ரூஜில் படித்தாள், கல்யாணம் செய்தாள், விவாகரத்தும் அங்கேயே ஆயிற்று. இப்போது ஐம்பத்தொரு வயதில் தனி வீடு. கோர்மியே முனையில் அவளுக்கு இருந்தது இரண்டு பேர்தான். அண்ணன் ஓவீட், அண்ணி எர்லீன்.

அந்தச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டரை மணி நேரப் பயணம். கடைசி ஆறு மைல் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர். தெற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் மூன்று இடங்களில் சாலைமேலேயே தண்ணீர் ஏறி நின்றது. சக்கரம் பாதி முங்க, முதல் கியரில் ஊர்ந்து போனாள்.

வீடு பதினாலு அடித் தூண்கள்மேல் நின்றது. படியேறிப் போனால் வாசலிலேயே எர்லீன்.

"வாங்க வாங்க, கவர்மென்ட்டு வந்தாச்சு. செருப்ப அங்கயே விடு. மீனு உள்ள ஏறி வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சுரலாம்."

வெண்டைக்காய் போட்ட இறால் கம்போக் குழம்பும் சோறும். ஓவீட் காலையில் நண்டுக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு வந்து, கைகழுவி, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அறுபது வயது. அகலமான ஆள், பேச்சு குறைவு. நொயெமி பாதிச் சோற்றில் பேச்சை எடுத்தாள். கரையோரத்துக் குடும்பங்களுக்காக வடக்கே நாற்பது மைல் தள்ளி அரசாங்கம் புதுக்குடியிருப்பு கட்டியிருக்கிறது, மேட்டு நிலம், பெயர் கொடுத்தால் வீடு உண்டு, வசந்தத்தோடு பெயர் வாங்குவதை முடித்துவிடுவார்கள்.

"எங்க, அந்தக் கரும்புக் காட்டுக்கு நடுவுலயா?" என்றான் ஓவீட். "படக எங்க கட்டறது? வாசல் குழாயிலயா?"

"குளிக்கிற தொட்டி இருக்காமே," என்றாள் எர்லீன். "அதுல விட்டுப் பாருங்க. பத்தலன்னா நான் வெளிய நின்னுக்கறேன்."

"நீ சும்மா இரு."

"முப்பத்தாறு வருஷமா சும்மாதான இருக்கேன். பேசறதெல்லாம் நீங்கதான்."

நொயெமிக்குச் சிரிப்பு வந்தது. ஓவீடுக்கு வரவில்லை. "எனக்கு ஒரு ஊரு இருக்கு. ஊரு இருக்கறவரைக்கும் இங்கதான் இருப்பேன். ஊரே இல்லன்னு ஆகட்டும், அப்பப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய், கீழே கூண்டுகளைக் கழுவ ஆரம்பித்தான். தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மேலே கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான், பாத்திரம் துலக்கிக்கொண்டே எர்லீன் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன் நொயெமி. எனக்குப் போயிரணும்."

"எங்க அண்ணி?"

"மேட்டுக்குத்தான். போன புயல்ல பரண்மேல ஆறு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஏணியில தண்ணி ஒவ்வொரு படியா ஏறி வருது, நான் எண்ணிட்டே இருக்கேன். இவரு வெளிய படகக் கட்டிட்டு நிக்கறாரு. அதுலருந்து மழ பேஞ்சாலே எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

"அண்ணன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா வந்துருவாரு. அதான் சொல்லல." எர்லீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக வந்தாருன்னு ஆயிரும். அப்புறம் ஆயுசு பூரா கரும்பப் பாத்துக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அவராக் கெளம்பணும். நீ கவர்மென்ட்டுதான, ஏதாவது பண்ணு. ஆனா நான் சொன்னேன்னு மூச்சு விடாத."

"விட மாட்டேன் அண்ணி."

திங்கட்கிழமை காலையில் நொயெமி கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். ஊரே இல்லையென்று ஆகட்டும் என்று அண்ணன் சொன்னது காதிலேயே இருந்தது. அச்சில் பார்த்தால் ஒருவேளை அசைவான். கோபப்படுவான், ஒரு மாதம் பேசமாட்டான், பிறகு பெயர் கொடுப்பான். அளவைக்காரர்களின் விதிப்படியும் அது சரிதான், அவள் ஒன்றும் பொய் எழுதவில்லை. இருபத்தேழு பெயர்களையும் எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டு ரபலேயின் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளைக் கோப்பில் போட்டார்.

ஜனவரியில் கையேடு வந்தது. ஒரு பிரதியைப் பட்டியல் பக்கத்தில் மடித்து அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம், மூன்று வாரம். புதுக்குடியிருப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஃபால்கூ என்ற பெயரில் யாராவது மனு கொடுத்தார்களா என்றுகூடக் கேட்டாள். இல்லை என்றார்கள்.

பிப்ரவரி மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஓவீட் போன் செய்தான். அவனாகப் போன் செய்கிறவன் இல்லை.

"எர்லீன ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. வா."

கார்னிவல் சமயம். ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜை முழுக்க ஊதாவும் பச்சையும் தங்க நிறமுமாக மணிமாலைகள் தொங்கின. நொயெமி அவற்றைத் தாண்டி மூன்றாவது மாடிக்கு ஓடினாள். நடைபாதை நாற்காலியில் ஓவீட் ரப்பர் பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். பூட்ஸில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"மூளையில ரத்தக் கட்டியாம். வலது பக்கம் பூரா போச்சு. பேச்சும் வரல."

"எப்ப அண்ணே?"

அவன் மெதுவாக, ஒவ்வொரு மணியாகச் சொன்னான். பத்தேகாலுக்கு எர்லீன் படகுக்குப் போன் செய்து, வரும்போது ஐஸ் எடுத்து வரச் சொன்னாள். பத்தரைக்கு அவன் படியேறினால் சமையலறைத் தரையில் கிடக்கிறாள், குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே அவசர எண்ணுக்கு அடித்தான்.

"ஒரு பொண்ணு எடுத்துச்சு. எந்த ஊருன்னு கேட்டுச்சு. கோர்மியே முனைன்னு சொன்னேன். சரி, வண்டி கெளம்பிருச்சு, அசைக்காதீங்கன்னுச்சு. நான் ரோட்டுல போய் நின்னேன். முக்கால் மணி நேரம் கழிச்சு அதே பொண்ணு கூப்பிட்டு, வண்டி வந்து நிக்குது, உங்களக் காணமேங்குது. நான் ரோட்டுலதான் நிக்கறேங்கறேன். சர்க்கரை ஆலை பக்கம் வாங்கங்குது. எந்த ஆலைம்மா, இங்க ஏது ஆலைங்கறேன்."

நொயெமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோர்மியே முனை இருக்கும் அதே செயின்ட் ஆர்னோ மாவட்டத்தின் வடகோடியில், கரும்பு வயல்களுக்கு நடுவே, கோர்மியே என்று ஒரு ஊர் உண்டு. முப்பத்தைந்து மைல் தூரம். கையேட்டில் இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரியில்தான் இருந்து வந்தன. போன பதிப்புவரைக்கும்.

"நானே தூக்கி வண்டியில போட்டுட்டு வந்திருப்பேன்," என்றான் ஓவீட். "அசைக்காதீங்க, இதோ வந்துரும்னு அதுதான் சொல்லுச்சு. ரெண்டு மணி நேரம் நொயெமி. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. கேட்டா, கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு கோர்மியேதான் இருக்காம். அது எப்படி? நான் பொறந்ததுலருந்து இருந்த ஊரு ஒரு நாள்ல எங்க போச்சு? அந்தப் பொண்ணு தூங்கிட்டு வேல பாத்திருக்கு. விடமாட்டேன்."

சொல்லிவிட வாயைத் திறந்தாள். கடைசியில், "சாப்பிட்டியா அண்ணே?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அவசர அழைப்பு மையத்துக்குப் போன் செய்து, தன் பதவியைச் சொல்லிக்கொண்டு, மேற்பார்வையாளரிடம் விசாரித்தாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மாநிலக் கையேட்டின் ஊர்ப் பட்டியலைப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் தங்கள் கணினிக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். ஜனவரியில் புதுப்பித்தார்கள். பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், அதற்கு நெருங்கிய பெயரைக் கணினி தானாகக் காட்டும். "ஆனா மேடம், பக்கத்துல எந்தத் தெருன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா, போன எடுத்த ட்ரினாவுக்கே தெரிஞ்சிருக்கும். கேக்கல. புகார் வந்திருக்கு. அநேகமா அவள வேலைய விட்டு எடுத்துருவாங்க. பாவம், நல்ல பொண்ணுதான்."

போனை வைத்துவிட்டு நொயெமி குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். கையேட்டின் பட்டியல் யாருடைய கணினிக்கு எல்லாம் போகிறது என்று இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிள்ளைகள் படிப்பார்கள், சுற்றுலாக்காரர்கள் புரட்டுவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

வாரக் கடைசியில், அண்ணன் வீட்டிலிருந்து எர்லீனின் துணிமணிகளை எடுத்துவரப் போனாள். வாசல் அலமாரியில், விளம்பரத் தாள்களோடு தாளாக, அவள் அனுப்பிய உறை கிடந்தது. பிரிக்கவே இல்லை. அண்ணன் கோபப்பட்டிருக்கவில்லை, அண்ணனுக்கு ஒன்றும் தெரியவே தெரியாது. அந்த உறையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் எடுத்தோம் என்று காரில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. தடயத்தை எடுக்கிற திருடன் மாதிரி இருந்தது. மறுபடி படியேறிப் போய், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

எர்லீனுக்கு இரண்டாவது வாரம் ஒரு சொல் திரும்பியது. 'சரி.' அந்த ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி, வேண்டாம் என்று தலையை ஆட்டும்போதும் சரி. நாள் முழுக்க ஊர் வம்பு பேசி, வருகிறவன் போகிறவனை எல்லாம் கிண்டல் செய்துகொண்டிருந்தவள், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தவித்தாள். சில சமயம் கோபத்தில் இடது கையால் படுக்கையைக் குத்திக்கொண்டு, "சரி, சரி, சரி" என்று அழுதாள்.

ஓவீட் காபி குடிக்கக் கீழே போயிருந்த ஒரு காலையில், நொயெமி அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தாளைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி, வைத்துக்கொள்ளலாம் என்று ரபலே சொன்னதையும் விடாமல்.

"நீங்க கேட்டீங்கன்னுதான் செஞ்சேன்னு சொல்ல வரல அண்ணி. என் புத்தியிலதான் செஞ்சேன்."

எர்லீன் அவளையே பார்த்தாள். பார்வை தெளிவாக இருந்தது. புரிந்ததா, எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

"சரி," என்றாள். சற்றுக் கழித்து, கையை உருவிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, "சரி," என்றாள்.

அந்த இரண்டு சொற்களையும் நொயெமி பல நாள் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச் முதல் வாரம் மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. காலை பத்து மணி. ஓவீட்தான் புகார்தாரர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவனை அழைத்துக்கொண்டு போனது நொயெமி. காரில் போகும்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். முதல் பாலத்தைத் தாண்டியதும் சொல்லலாம் என்று பார்த்தாள், பிறகு பெட்ரோல் போட்ட இடத்தில், பிறகு அலுவலகம் கண்ணில் பட்டதும். கார் நின்றுவிட்டது. ஓவீட் இறங்கிக் கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தான்.

நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். ஓரத்தில் ட்ரினா உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஒரு கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். தலைவர் அவளைக் கேட்டார், "நீ ஏம்மா தெருப் பேரு கேக்கல?"

"ஊருப் பேரு போட்டதும் ஒண்ணே ஒண்ணுதான் சார் வந்துச்சு. ரெண்டு வந்தா கேப்போம். ஒண்ணுதான்னா கேக்காம அனுப்பணும்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. நேரம் போகக் கூடாதுன்னு."

"அவரு முனைன்னு சொல்லியிருக்காரே?"

"சொன்னாரு சார்." அவள் ஓவீடைப் பார்த்தாள். "எனக்கு அது காதுல விழுந்துச்சு. நான் அந்தப் பக்கம் பாத்ததில்ல. ஆலைக்குப் பக்கத்துல ஏதோ மூலையா இருக்கும்னு நெனச்சேன். என்ன மன்னிச்சிருங்க அய்யா."

ஓவீட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்குகிற விதத்திலேயே முடிவு தெரிந்தது. நொயெமி எழுந்து நின்றாள்.

"நான் பேசலாமா?"

"நீங்க யாரு?"

"மாநிலக் கையேட்டுப் பிரிவுல வேல பாக்கறேன். ஊர்ப் பட்டியல் என் பொறுப்பு. கோர்மியே முனைங்கற பேர எடுத்தது நான். வெச்சுக்கலாம்னு என் மேலதிகாரி சொல்லியும் எடுத்தேன். அங்க ஆறு குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சே எடுத்தேன். இந்தப் பொண்ணோட கம்ப்யூட்டர்ல ரெண்டு ஊருப் பேரும் வந்திருந்தா இது தெருவக் கேட்டிருக்கும்."

ஒருவர், "தெரிஞ்சேன்னா? ஏன்?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் அந்த ஊர விட்டு வரணும்னு நெனச்சேன். அச்சுல பாத்தா வருவாருன்னு நெனச்சேன்."

"யாரு உங்க அண்ணன்?"

அவள் பதில் சொல்வதற்குள் ஓவீட் எழுந்தான். யாரையும் பார்க்காமல், நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, வெளியே போனான்.

கார் நிறுத்துமிடத்தில் அவளுடைய காருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் போக வேறு வண்டி இல்லை.

"அண்ணே."

"எத்தன நாளா தெரியும்?"

"நீ ஆஸ்பத்திரியில சொன்னப்பவே."

"பதினெட்டு நாளு," என்றான். அவன் எண்ணி வைத்திருந்தான். "பதினெட்டு நாளு எங்கூடச் சோறு தின்னிருக்க."

"அண்ணிகிட்டச் சொல்லிட்டேன் அண்ணே. போன வாரமே சொல்லிட்டேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அவகிட்டயா? பதில் பேச முடியாதவளாப் பாத்துச் சொன்னியா?"

நொயெமிக்குத் தலை குனிந்தது.

"நீ எழுதுனது பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆறு வீடு ஒரு ஊரா? நாளைக்கே ஒரு புயல் அடிச்சா அதுவும் இருக்காது. எனக்குத் தெரியாதா? வந்து மூஞ்சிக்கு நேரா, அண்ணே, உன் ஊரப் பட்டியல்லருந்து அடிக்கப் போறேன்னு சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பேன். சண்ட போட்டிருப்பேன். அவ்வளவுதான?" கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டான். "நான் என்ன பாவம் பண்ணேன்னு நீயாவது சொல்லு. நீ ஏன் எங்கள அங்கருந்து கெளப்பறதுலயே குறியா இருந்த?"

அந்த இடத்தில் அவளிடம் ஒரு பதில் இருந்தது. உன் பெண்டாட்டிதான் கேட்டாள் என்று ஒரே ஒரு வாக்கியம். அது உண்மையும்கூட. தொண்டைவரைக்கும் வந்தது. ஏணிப்படிகளை எண்ணிக்கொண்டு பரண்மேல் உட்கார்ந்திருந்தவளை நினைத்தாள். இப்போது அதைச் சொன்னால், அண்ணன் மிச்ச ஆயுசு முழுக்க அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைப்பான் என்பதையும் நினைத்தாள்.

"எனக்குப் பயம் அண்ணே," என்றாள். "அவ்வளவுதான்."

அவன் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தான்.

ட்ரினாவைப் பதினைந்து நாள் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நொயெமிமேல் பேட்டன் ரூஜில் விசாரணை நடந்தது. விதிப்படி தப்பில்லை, ஆனால் சொந்தக்காரர் விஷயத்தில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்று எழுதி, கீழ்த்தளத்துப் பழைய ஆவணப் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள். புதிய பதிப்புக்கான நான்கு பக்கங்களை எழுத வேறு ஆள் வந்தான். ரபலே அவளிடம், "ஊர்ப் பேர மறுபடி சேக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"மத்த இருபத்தாறு என்ன ஆச்சு சார்?"

"என்ன ஆகணும்?"

"அங்க ஆள் இருக்காங்களான்னு யாராவது போய்ப் பாத்தாங்களா? அளவைக்காரங்க ஆகாயத்துலருந்து படம் எடுத்துத்தான பட்டியல் போட்டாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை, கையெழுத்துப் போட்டபோது. இரண்டு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு, இருபத்தாறு ஊருக்கும் அவளே போனாள். பாதிக்குமேல் வெறும் தண்ணீர். வாடகைப் படகில் போய், இங்கேதான் தபால் நிலையம் இருந்தது என்று படகோட்டி கை காட்டிய இடத்தில் துடுப்பு தரை தொடவில்லை. ஆனால் ஒரு இடத்தில் ஆறு பேர் கொண்ட குடும்பம் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் எழுபது வயது ஆள் ஒருவர் இரண்டு நாயோடு தனியாக இருந்தார்.

"நான் செத்துட்டேன்னு எழுதிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் அந்த ஆள், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "பரவால்ல, உக்காருங்க. சிக்கரி போட்ட காபி இருக்கு. செத்தவன் கையால குடிச்சுப் பாருங்க."

அவள் குடித்தாள். அவருடைய வீடு இருக்கும் இடத்தையும், படகுத்துறையையும், எந்தக் கால்வாய் வழியாக வர வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டு, நேரே அழைப்பு மையத்துக்குப் போய், மேற்பார்வையாளர் கணினியில் பதிவு செய்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். சிப்பிக்காரக் குடும்பத்தையும் பதிந்தார்கள். கோர்மியே முனையையும் பதிந்தார்கள்.

அதற்குள் ஓவீட் அங்கே இல்லை. எர்லீனுக்கு வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி, கைகால் பயிற்சி. தூண் வீட்டின் பதினெட்டுப் படியில் சக்கர நாற்காலி ஏறாது. ஏப்ரலில் அவனாகவே புதுக்குடியிருப்புக்குப் பெயர் கொடுத்தான். நொயெமி நினைத்தது அப்படியே நடந்தது. அந்தச் செய்தியை ரபலே மூலம் கேள்விப்பட்ட அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, துணிந்து ஒரு வியாழக்கிழமை அவர்களுடைய புது வீட்டு வாசலில் போய் நின்றாள். ஓவீட் கதவைத் திறந்தான். கதவை விட்டுவிட்டு நகர்ந்தான். கூடத்தில் எர்லீன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எர்லீன் மழையை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த துண்டை இடது கையால் மடிக்கும் வேலைக்குத் திரும்பினாள். நொயெமி அவளுக்குச் சோறு ஊட்டி, தலை வாரிவிட்டு, பயிற்சிக்கு அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்டாள்.

அதிலிருந்து வியாழன்தோறும் போனாள். ஓவீட் அவளிடம் நேரடியாகப் பேசுவதில்லை. "எர்லீன், உன் மாத்திர டப்பா அலமாரியில இருக்கு," என்பான், நொயெமி போய் எடுப்பாள். "எர்லீன், குழம்புல உப்பு பத்தல," என்பான், நொயெமி உப்புப் போடுவாள். எர்லீன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் "சரி" சொல்வாள். இப்போது அவளுக்கு இன்னும் நாலைந்து சொற்கள் வந்திருந்தன. அந்த நாலைந்தில் ஒன்று சொல்லக் கூடாத வசவு. பயிற்சி கொடுக்கும் பெண்ணைப் பார்த்தால் தவறாமல் அதைச் சொன்னாள்.

செப்டம்பரில் ஒரு வியாழன். நொயெமி கிளம்ப, ஓவீட் வாசல்வரைக்கும் வந்தான். கீழ்த் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். காரின் கதவை அவள் திறந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"அடுத்த வாரம் கொஞ்சம் வெள்ளன வா. எனக்குப் பல்லு பிடுங்கணும். அவளத் தனியா விட முடியாது."

"எட்டு மணிக்கு வரட்டுமா அண்ணே?"

"ஏழரைக்கு வா," என்றான் ஓவீட். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.